பதினாறு கட்டு வைக்கோல்

தோட்டத்துக்கு எவ்வளவு மூடாக்கு வேண்டும் என்கிற கணக்கு எனக்கு முதல் இரண்டு வருடம் சரியாக வந்ததே இல்லை. நீங்கள் சிரிக்கலாம் மேடம், தப்பில்லை. மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மயிரிழையில் பாதி பிசகிய வளையத்தைக்கூட விரலால் தடவிப் பார்த்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் முப்பதுக்கு இருபது அடியில் ஒரு தோட்டத்தை வைக்கோலால் போர்த்தச் சொன்னால், ஒரு மூலை மொட்டையாக நின்று என்னைப் பார்த்து இளிக்கும்.

மூடாக்கு என்பது பெரிய வித்தை இல்லை. மண்ணின் மேல் வைக்கோலோ சருகோ போர்த்திவிடுவது. வெயில் நேராக விழாது, ஈரம் பறக்காது, களை தலை தூக்காது. உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற குரோட்டன்ஸுக்குக்கூடப் போடலாம். அந்தக் கான்ஸ்டபிள் பாவம், தினமும் குடம் தூக்குகிறார்.

கணக்கு இதுதான். மூன்று அங்குல கனம் போதும். அது கால் அடி. முப்பதை இருபதால் பெருக்கி, அதில் கால் பங்கு எடுத்தால் நூற்றைம்பது கன அடி. இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். உதறிப் போட்ட வைக்கோல் இரண்டு மழை பார்த்ததும் பாதியாக அமுங்கிவிடும். ஆகவே முந்நூறு கன அடி வாங்க வேண்டும். மெஷின் சுருட்டுகிற உருண்டைக் கட்டு ஒன்றைப் பிரித்து உதறினால் ஏறக்குறைய முப்பது கன அடி வரும். பத்துக் கட்டு. இதைக் கண்டுபிடித்த அன்று நான் என் மனைவி சம்பூர்ணத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினேன். அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். கம்பெனி பஸ்ஸிலும் இப்படித்தான். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். பாதிப் பேர் நிஜமாகவே தூங்கினார்கள் என்று நம்புகிறேன்.

நான் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சார், அண்ணன் போன துக்கத்துல இன்னாவோ பேசறீங்க. அது பாம்புக் கடி. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. வைக்கோல் போட்டதுக்கு நான் எந்த செக்‌ஷன்ல கேஸ் எழுதறது? டீ குடிச்சிட்டு வூட்டுக்குக் கெளம்புங்க."

டீக்கு நன்றி. ஆனாலும் என் திருப்திக்காக, மதுராந்தகத்தில் வைக்கோல் விற்ற முனிசாமிக்கு போன் போட்டுக் கேட்டீர்கள். பதினாறு கட்டு என்றான். "உங்க கணக்குப்படி பத்துதான சார்? மீதி ஆறு எங்க போச்சு?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு அது விளையாட்டுக் கேள்வி. நான் சொல்ல வந்த விஷயமே அதற்கான பதில்தான். கொஞ்சம் பொறுங்கள். நடுவிலிருந்து சொன்னால் எனக்குச் சரிப்படாது.

படாளம் பக்கம் எங்கள் நிலம். அப்பா எங்கள் இரண்டு பேர் பெயரிலும் சேர்த்தே எழுதிவிட்டுப் போனார். என் அண்ணன் வரதன் லாரி ஓட்டி, பிறகு லாரிகளை ஓட்டவைத்தவர். பக்கத்துப் பக்கத்து வீடு, பின்னால் பொதுவான தோட்டம். நான் ஓய்வு பெற்றதும் அந்தத் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். முதலில் அது களிமண் தரை, சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதை மண்வெட்டி இல்லாமல், கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்குகிற மண்ணாக்கினேன். எனக்கு வேறு பெருமை கிடையாது.

ஆடியில் ஒரு நாள் அண்ணன், மனை போடுகிற ஆள் ஒருவரோடு தோட்டத்துக்குள் வந்தார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"ஹரி, நீதான் கணக்குல கில்லாடியாச்சே. ரோடு வுட்டுட்டு எத்தினி பிளாட்டு வரும், பார்த்துச் சொல்லு."

"தோட்டமுமா அண்ணாத்த?"

"தோட்டம் இன்னா தோட்டம்? வைக்கோலைப் போத்திக்கினு தூங்குது. பசங்களுக்கு சிட்டியில வூடு வாணாமா? நீயும் அந்த மண்ணை நோண்டிக்கினு எத்தினி நாளிக்கி இருப்ப?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கணக்குப் போட்டேன். பெருக்கல் என்று ஒன்றைக் காட்டினால் என்னால் சும்மா இருக்க முடியாது. இருபத்தேழு மனை என்று சொன்னேன். மனைக்காரர் போட்டுவைத்திருந்த கணக்கைவிட இரண்டு அதிகம். கோணல் மூலையை வீணாக்காமல் எப்படி வெட்டலாம் என்றுகூடக் காட்டினேன். மனைக்காரர் எனக்குக் கை கொடுத்தார். என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்று மட்டும் எனக்குத் தெரியும். முடியாது என்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்குத் தெரியாது. அறுபது வயதுவரை சொன்னதில்லை.

அதனால் வேறு வழியைப் பார்த்தேன்.

அதுவரை நான் வைக்கோலை விட்டுவிட்டு இரண்டு வருடமாகச் சவுக்குச் சருகுதான் போட்டுக்கொண்டிருந்தேன். மாமல்லபுரம் பக்கம் கடற்கரையோரம் தோப்புத் தோப்பாகச் சவுக்கு இருக்கிறதே, அங்கே அள்ளிக்கொண்டு வரலாம். நல்ல மூடாக்கு. ஒரே குறை, அதில் எலிக்குத் தின்ன ஒன்றும் இல்லை.

அந்த வருடம் மறுபடி வைக்கோலுக்கு மாறினேன். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லை மெஷின் சரியாக அடிக்காது, தாளில் மணி ஒட்டிக்கொண்டே வரும். அந்த மாதிரி வைக்கோல்தான் வேண்டும் என்று முனிசாமியிடம் கேட்டேன். "இன்னா சார், எல்லாரும் சுத்தமா கீதான்னு கேப்பாங்க, நீ நெல்லோட கேக்கற. மாடு புள்ளத்தாச்சியா?" என்றான். நானும் சிரித்துவைத்தேன்.

கடற்கரைச் சாலையில் பாம்புகளிடம் விஷம் எடுத்துக் காட்டுகிற பண்ணை ஒன்று இருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு போனபோது, கண்ணாடி விரியன் எங்கே தங்கும், எதைத் தேடி வரும் என்று அங்கே ஒருவர் அழகாக விளக்கினார். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுதார்கள். நான் இரண்டாவது டிக்கெட் வாங்கி மறுபடி கேட்டேன். நன்றாக விளக்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஆவணியில் வைக்கோல் போட்டேன். புரட்டாசியில் எலி வந்தது. சம்பூர்ணத்தின் பூனை நாற்றைப் பறிக்கிறது என்று சொல்லி அதை மகள் வீட்டுக்கு அனுப்பினேன்.

"எலி சமையக்கட்டு வரிக்கும் வருது, இருக்கற பூனையையும் ஓட்டிவுட்டுட்டீங்க. உங்களுக்கு மண்டையில இன்னாதான் கீது?" என்றாள் சம்பூர்ணம்.

"எலி மண்ணைக் கிளறினால் காற்றோட்டம் வரும்" என்று விளக்கினேன். பாதியில் எழுந்து போனாள். என் குடும்பம் ஒரு முறையாவது என் விளக்கத்தை முழுசாகக் கேட்டிருந்தால் பல விஷயங்கள் வேறு மாதிரி போயிருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள், சுற்றுச்சுவர் ஓரத்து நந்தியாவட்டை வரிசைக்கு அடியில் குக்கரில் ஆவி போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டேன். பின்வாங்கி வந்து கை கால் கழுவிக்கொண்டேன். ஒரு ஏற்பாடு நாம் நினைத்தபடியே வேலை செய்வதைப் பார்க்கிறபோது மனதுக்கு வருகிற நிம்மதி இருக்கிறதே, அது உங்கள் வேலையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை முதல் தேதி அண்ணன் மாலை போட்டார். வருடா வருடம் போடுவார். மாலை போட்டால் செருப்பு கிடையாது. விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, என் தோட்டத்தில் வந்து நந்தியாவட்டை பறித்துக்கொண்டு போய்ப் பூஜை செய்வார். மாலை போட்டவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாமி என்போம், அவரும் எதிரே இருப்பவரைச் சாமி என்பார். அந்த மாதம் முழுக்க அண்ணனுக்குக் கோபமே வராது, குரல்கூட உயராது. "சாமி, மலைக்குப் போயிட்டு வந்து கையெழுத்து வேலையை முடிச்சுடலாம் சாமி" என்றார். எனக்குக் கெடு அவ்வளவுதான்.

பாதைப் பக்கத்துக் கிளைகளை நான் ஆவணியிலேயே வெட்டிக் கவாத்து செய்திருந்தேன். ஆகவே பூவெல்லாம் சுவர்ப் பக்கம்தான். பறிக்க வேண்டுமானால் பாத்திக்குள் காலை வைத்தே ஆக வேண்டும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். நான் அவரை எச்சரித்தேன். "பாத்து நட சாமி, செருப்பு போட்டுக்கோயேன்" என்று சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு "சாமியே சரணம்" என்றார். போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னேனா இல்லையா? சொன்னேன்.

அன்றைக்கு நான் கொல்லைக் கதவடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பூக்கூடை விழுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். அண்ணன் பாதையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாவோ சுருக்குன்னு குத்திச்சு சாமி" என்றார். நான் அவர் பக்கம் போக ஒரு அடி எடுத்து வைத்தேன். உடனே கையை நீட்டித் தடுத்தார். "நீ உள்ள வராத சாமி. அங்கதான் கீது. உன்னியும் போட்டுடப் போவுது."

அந்த ஒரு விஷயம் என் கணக்கில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். தாமதிக்கவில்லை. வழி சொல்லும்போது மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிட்டேன். ஜி.எஸ்.டி. சாலையில் எந்தப் பக்கம் திரும்புவது, அது ஏன் பழைய பாதையைவிடச் சுருக்கம், முன்பு அங்கே ஒரு புளியமரம் இருந்தது. பழக்கதோஷம். செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் அவருக்கு நினைவு போய்விட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியத்தன்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: மாலையோடு போனார், ஐயப்பனே கூப்பிட்டுக்கொண்டார், கொடுத்துவைத்தவர். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈர நெல்லில் ஆரம்பித்து, எலி, பூனை, கவாத்து என்று ஒவ்வொரு கண்ணியாக நான் உட்கார்ந்து கோத்திருக்கிறேன். வேலை என்னுடையது, பெயர் சாமிக்கு. ஒருவராவது, "ஏன் ஹரி, சருகை விட்டுட்டு இந்த வருஷம் வைக்கோலுக்கு ஏன் மாறின?" என்று கேட்கவேண்டாமா? ஒருவரும் கேட்கவில்லை.

தோட்டமாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கலாம். அண்ணன் போனால் விற்பனை நின்றுவிடும் என்று நினைத்தேன். போனவருடைய உரிமை அவருடைய வீட்டுக்கு வரும் என்பதை யோசிக்கவே இல்லை. முன்பு எனக்கு எதிரே ஒரு ஆள், இப்போது வசந்தா அண்ணியும் இரண்டு பையன்களுமாக மூன்று. கணக்கில் கில்லாடியான எனக்கு இது தெரியவில்லை. பாம்பு இருக்கிற இடத்தில் இனிமேல் ஒரு நாள்கூடக் குடியிருக்க முடியாது என்று அண்ணி அழுதார். "நீங்கதான் இனிமே எங்களுக்குப் பெரிய மனுசரு" என்று சொல்லிப் பத்திரத்தை நீட்டினார்.

போட்டேன் மேடம். கையெழுத்துப் போட்டேன். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம் எப்படி முடியாது என்று சொல்வது? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

போன வாரம் ஜேசிபி வந்து தோட்டத்தைச் சுரண்டியது. மூடாக்கை விலக்கியதும் மண் கறுப்பாக, பொலபொலவென்று, நெளியும் மண்புழுக்களுமாக இருந்தது. "சூப்பர் மண்ணு சார், இன்னா போட்டீங்க?" என்று டிரைவர் கேட்டான். இத்தனை வருடத்தில் என்னிடம் அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் இன்ஜின் சத்தம் என்னை மூழ்கடித்துவிட்டது. அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

நீங்கள் இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்டீர்கள். டீ ஆறிப்போனதைக்கூட நீங்கள் கவனிக்கவில்லை. இப்போது அந்தக் கணக்கை முடித்துவிடலாம், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நந்தியாவட்டை வரிசை முப்பது அடி நீளம், நாலடி அகலம். மற்ற இடமெல்லாம் மூன்று அங்குலம் போட்ட நான், அங்கே அமுங்கிய பிறகும் ஒரு அடி நிற்கிற மாதிரி போட்டேன். கூடுதல் ஒன்பது அங்குலம். நூற்றிருபதில் முக்கால் பங்கு தொண்ணூறு. உதறிப் போட நூற்றெண்பது கன அடி. முப்பதால் வகுத்தால் ஆறு.

பத்துக் கட்டு தோட்டத்துக்கு. ஆறு கட்டு அண்ணனுக்கு.