பதினொரு மொட்டுகள்

தொட்டிச் செடி வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தவறு, அதை அடிக்கடி திருப்பி வைப்பது. எல்லாப் பக்கமும் வெயில் படட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். சில செடிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. வெளிச்சம் இந்தப் பக்கம் இருந்துதான் வரும் என்று ஒருமுறை பழகிவிட்டால் அது மாறக் கூடாது. மாறினால் மொட்டை உதிர்த்துவிடும்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் மெதுவாகவே சொல்கிறேன். முப்பது வருடம் சேந்தமங்கலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன். எழுதுகிறவர்களின் வேகத்துக்குப் பேசிப் பழக்கம் உண்டு.

செடியை வாங்க வேண்டும் என்றது நான் இல்லை, என் மனைவி பானுமதி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நர்சரியில், கம்பி வளையத்தில் சுற்றி விட்டிருந்தார்கள். தடித்த, கரும்பச்சை இலை. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, மெழுகில் செய்தது போல. மடகாஸ்கர் மல்லி என்றார் நர்சரிக்காரர். வீட்டுக்குள்ளேயே வளரும் கொடி என்றார். வாசம் நம் மல்லிகையுடையதுதான், ஆனால் கொஞ்சம் கனம். பானுமதி முகத்தைக் கொத்துக்குள் புதைத்து மோந்துவிட்டு, "ஏனுங்க, இதொண்ணு வாங்கிக்கலாமுங்களா?" என்றாள். நான் மறுக்கவில்லை. அவள் கேட்டு நான் மறுத்தது அபூர்வம்.

அன்றைக்கு அதில் நாற்பத்திரண்டு பூ இருந்தது. வீடு வந்து சேர்ந்த நான்காம் நாள் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு மூன்று வருடம் வெறும் இலை. பானுமதி அதை மறந்தே போனாள். "வாங்குன எடத்துலதான் பூக்குமாட்ட இருக்குது, உடுங்க" என்றாள். என்னால் விட முடியவில்லை. ஒரு சோதனை ஒருமுறை வந்து மறுமுறை வராவிட்டால், குறை செய்கிற முறையில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தேடித் தேடிப் படித்தேன். பனிக்காலத்தில் அதற்கு நல்ல குளிர் வேண்டும். வேர் கொஞ்சம் காய வேண்டும். மலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலத்தில் அந்தக் குளிர் கிடையாது.

ரிட்டயர் ஆனதும் திருப்புலி நாடு என்கிற மலைக் கிராமத்தில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு மேலே வந்தோம். பானுமதிக்கு அப்போதே லேசாக மூச்சு இளைப்பு இருந்தது. மனைவிக்கு மலைக்காற்று நல்லது என்று அர்த்தனாரி சார் ஊரையே விட்டுவிட்டுப் போகிறார் என்று சேந்தமங்கலத்தில் பேசிக்கொண்டார்கள். பானுமதியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ் ஏறி முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தொட்டி என் மடியில் இருந்தது. நான் யாருடைய நினைப்பையும் திருத்தவில்லை.

ஹாலில் கிழக்கு ஜன்னலை ஒட்டி அதற்கு இடம். தொட்டியின் விளிம்பில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, இரண்டும் நேராக இருக்க வேண்டும். மேலே வந்த முதல் ஆடியில் ஆறு மொட்டு விட்டது. மேடம், ஒன்பது மாதம் காத்திருந்து ஒரு மொட்டைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. முதலில் கம்பு மணி அளவு இருக்கும். பிறகு சுண்டுவிரல் நகம். அந்த அளவில் மஞ்சளாகி, ஒவ்வொன்றாக விழுந்தது. விழுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். காரணத்தைக் கண்டுபிடித்தேன். பானுமதி காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து நின்று மூச்சு வாங்குவாள். மிளகுக் கொடியை மரத்தைவிட்டே பிரித்தெறிகிற ஆடிக் காற்று. மொட்டு எப்படித் தாங்கும்?

இரண்டாம் வருடம் ஒன்பது மொட்டு. பக்கத்து வீட்டுப் பாவாயி எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும்போது தொட்டியை நகர்த்திவிட்டாள். கோடு இரண்டு விரற்கடை விலகியிருந்தது. நான் சத்தம் போடவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து பானுமதியே துடைத்தாள். குனிந்தால் இளைப்பு வரும் என்றாள். நின்றுகொண்டே துடைக்கிற மாப் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் வருடம் பானுமதி இரண்டு மாதம் திருப்பூரில் எங்கள் மகள் யமுனா வீட்டில் இருந்தாள். அங்கே இளைப்பே இல்லை என்று யமுனா போனில் சொன்னாள். இடம் மாறினால் சிலருக்கு அப்படித்தான். அந்த வருடமும் மொட்டு உதிர்ந்தது. அதற்கு மட்டும் எனக்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. போகும்போது சமையலறைக் கதவை அவள் சரியாகச் சாத்தாமல் போயிருக்கலாம்.

பிறகுதான் ஈரப்பதத்தைப் பற்றி யோசித்தேன். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டேன். ஹாலில் கயிறு கட்டி நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டேன். இலை பளபளவென்று வந்தது. சுவரில் கொஞ்சம் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. பானுமதிக்கு ராத்திரி படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்கினாள். நாமக்கல்லில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அழைத்துப் போகவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். ஈரம் ஆகாது, புகை ஆகாது, காட்டமான வாசனை ஆகாது என்றார் டாக்டர். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். காட்டமான வாசனை என்றால் ஊதுபத்தி, பெயிண்ட், மண்ணெண்ணெய். பூ என்று அவர் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

ஜன்னல்களை ஸ்க்ரூ வைத்து முடுக்கியது போன வருடம். அன்றைக்கு மத்தியானம் நடந்த பேச்சு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க, மூச்சு முட்டுதுங்க. ஒரு சாண் தெறந்து உடுங்க, போதும்."

"மொட்டு வந்திருக்குது, பானு. இன்னும் பத்து நாள்தான்."

"போன வருசமும் பத்து நாள்னுதானுங்க சொன்னீங்க."

"போன வருசம் நீ கதவத் தெறந்துட்டே."

கையிலிருந்த மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, "அதத் தூக்கிப் பாவாயி ஊட்டு வாசல்ல வெச்சுட்டா என்னங்க? அங்கயும் பூக்குமில்லீங்களா? தெனமும் போய்ப் பாத்துட்டு வாங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

செடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து பகல் முழுக்கப் பாவாயி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே காற்று வருகிறதாம். போகும்போது ஒருமுறை கதவு திறக்கும், சாப்பாட்டுக்கு வரும்போது ஒருமுறை, மறுபடி போகும்போது ஒருமுறை, சாயங்காலம் திரும்பும்போது ஒருமுறை. ஒரு நாளைக்கு நான்கு தடவை. அந்த வருடமும் போயிற்று.

இந்த வருடம் இருபத்துமூன்று மொட்டு. உங்களுக்கு இது வெறும் எண். ஆடி பதினைந்தில் பன்னிரண்டு விழுந்து பதினொன்று நின்றது. அந்தப் பதினொன்றும் விரல் நீளத்துக்கு வெளுத்து, நுனி உப்பி, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. செம்மேட்டில் ஓரி மன்னன் பேரில் நடக்கும் விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று கூரையைப் பிய்த்தது. மூன்று நாள் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். அரிசி, பருப்பு, பால் பவுடர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு உள்பக்கம் பூட்டுப் போட்டேன். "மூணே நாள், பானு" என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருகிறேன். அது தீரப்போகிறது என்று எனக்குத் தெரியும். சேந்தமங்கலத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் பீர் முகமது எப்போதும் மேலே வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். இரண்டாம் நாள் மத்தியானம் போன் செய்தார். "சார், பஸ்ஸுல குடுத்துட்டேன். ஸ்டாப் டீக்கடைல வாங்கிக்குங்க. அம்மாவ அப்படியே உட்றாதீங்க சார், இந்தக் காத்து அவங்களுக்கு ஆகாது" என்றார். நல்ல மனுஷர். டீக்கடை பத்து நிமிட நடை. ஆனால் போக ஒருமுறை, வர ஒருமுறை, கதவைத் திறக்க வேண்டும். ஒரு நாள் தாமதத்தில் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். மருந்து டீக்கடையில் பத்திரமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு முதல் மொட்டு பிளந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளந்தது. ஐந்து இதழும் ஒன்றை ஒன்று விட்டு, பின்னால் வளைய ஆரம்பித்தது. என் போனில் கேமரா சரியில்லை. யமுனா தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்த போனை எடுத்து வீடியோவில் போட்டேன். அதனால்தான் அவளிடம் போன் இல்லை. பிடுங்கினேன் என்று எழுதாதீர்கள். மேஜைமேல் இருந்ததை எடுத்தேன்.

எட்டு மணிக்குள் ஐந்து பூ திறந்துவிட்டது. அடைத்த வீட்டில் அந்த வாசம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். ஏற்காட்டில் இருந்ததைவிடப் பத்து மடங்கு. ஒன்பது வருடம், மேடம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே நேரத்தில் பானுமதி உள்ளே டப்பாக்களை உருட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இருமினாள். பிறகு இருமல் நின்று விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஹாலுக்கு வந்து கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

பாவாயி வெளியே வந்து நின்று கூப்பிட்டாள். "ஏனுங்க சார், அம்மா இளைக்கற சத்தம் எங்கூடு வரைக்கும் கேக்குதுங்க. கதவத் தெறங்க, சாமி."

"ஒண்ணுமில்ல, தூங்கறா" என்றேன். பொய்தான். ஒத்துக்கொள்கிறேன்.

"தூங்கறவங்க கதவத் தட்டுவாங்களா? தெறங்கங்கறேன்."

போனைப் பூவுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன். மேலும் பேசினால் வீடியோ முழுக்க என் குரல்தான் விழும். பாவாயி கிழங்குக் காட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷன் கருப்பண்ணனைக் கூட்டி வந்தாள். அவன் கடப்பாரையால் கதவைப் பெயர்த்தான். அதற்குள் பானுமதி அசைவில்லாமல் இருந்தாள். இரண்டு பேருமாக அவளை வாசலுக்கு இழுத்தார்கள். பாவாயி அவள் மார்பைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று கவனிக்கவில்லை. உடைந்த கதவு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. ஐந்து பூவும் என் கண்ணெதிரே விழுந்தது. மீதி ஆறு மொட்டு சாயங்காலத்துக்குள் விழுந்தது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அவர்கள் கையில் சாவியையே கொடுத்திருப்பேன். யாருக்கும் பொறுமை இல்லை.

ஆம்புலன்ஸ் விழாக் கூட்டத்தைத் தாண்டி வந்தபோது பானுமதி உயிரோடு இல்லை.

சாவி எங்கே இருந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். என் சட்டைப் பையில் இருந்தது. பூட்டியது நான். மருந்து வந்து கிடப்பது தெரிந்தும் போகாதது நான். அவளுக்கு முடியவில்லை என்பதும், அந்த முடியாமை எங்கே போய் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். டாக்டர் இளைப்பைப் பற்றி எனக்குப் படம் போட்டே விளக்கியிருந்தார். இதையெல்லாம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வீடியோவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நாற்பத்தோரு நிமிடம் ஓடுகிறது. யமுனாவுக்கும் போட்டுக் காட்டினீர்களாம். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் கேட்கிற குரல் பானுமதியுடையதுதான், வேறு யாரும் உள்ளே இல்லை. "அர்த்தனாரி, தெறடா" என்கிறாள். முப்பத்துமூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து என் பெயர் வந்ததில்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நான் பைக்குள் கையை விட்டிருந்தேன், மேடம். சாவி விரலில் பட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கையை வெளியே எடுத்துவிட்டேன். கட்டின புருஷனை அப்படியா கூப்பிடுவது? ஒரே ஒரு தடவை முறையாகக் கேட்டிருந்தால் திறந்திருப்பேன்.