தகவல் தந்தவர்: தானே

பொதுத் தரவுச் சீர்தரப் பிரிவின் தலைவராய்ப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் அம்மையாருக்கு

பதினொரு துறைகளைப் பகையின்றிப் பிணைத்த பண்பாளரே! பெயரின் முன்னெழுத்துக்குப் பின்னே புள்ளி வேண்டாம், இடைவெளியே போதும் என்று மூன்று மாதம் வழக்காடி வென்று, ‘புள்ளியம்மா’ என்ற பட்டத்தைப் புன்னகையோடு பூண்டவரே! வணங்குகிறோம்.

தாங்கள் பொறுப்பேற்ற நாளில் ஒவ்வொரு துறையின் கணினியும் தனித்தீவு. தேதியில் ஒன்று நாளை முதலில் எழுதும், மற்றொன்று ஆண்டை. ஒரே மனிதர் ஐந்து துறைகளில் ஐவராய் உலவினார். எருமைமேல் மழை பெய்தாற்போல் இருந்த துறைத்தலைவர்களையும் அசைத்து, ‘ஒருவருக்கு ஒரே பதிவு’ என்பதை நிலைநாட்டினீர்கள்!

அவையோரே, அம்மையார் எங்கும் சொல்லாத ஒன்றை, அன்று உடன் சென்ற ஓட்டுநர் வாய்வழி அறிந்தபடி சொல்கிறோம்.

பதிவுகளை முதன்முதலாய் இணைத்தபோது ஒரே ஒரு பதிவு மட்டும் இணங்கவில்லை. நான்கு வயதில் கால்வாயில் மூழ்கி இறந்தவன் என்றது இறப்புப் பதிவேடு. அதே பெற்றோர், அதே பிறந்த நாளோடு, இருபத்தாறு வயது இளைஞனாக மருத்துவ அட்டையிலும் நூலகத்திலும் வேலைவாய்ப்புப் பதிவிலும் அவன் இருந்தான். பழைய படிவங்களை வரவழைத்துப் பார்த்தார் அம்மையார். மழலைக் கிறுக்கலாய்த் தொடங்கிய கையெழுத்து, ஆண்டுக்கு ஆண்டு முதிர்ந்திருந்தது. புகைப்படக் கட்டம் எல்லாவற்றிலும் காலி.

மோசடி என்று எண்ணியே அவர் அந்த வீட்டுக்குப் போனார். துணி தேய்த்துப் பிழைக்கும் தாய் ஒருத்தி மட்டும் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், எங்கும் கைநாட்டுதான். பிள்ளை போன மறு ஆண்டு தடுப்பூசிப் படிவம் ஒன்று வந்ததாம். கிழிக்க மனம் வரவில்லையாம்.

“மேசமேல வெச்சுட்டு வேலைக்குப் போனேம்மா. திரும்பி வந்து பார்த்தா நிரப்பியிருந்துச்சு. அப்புறம் வந்ததெல்லாம் அப்படித்தான். எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்கப் போறீங்களாமே. சேர்த்துட்டா அவன் எங்க போவான்?”

அந்த வாரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். உயிரோடு இருக்கிறான் என்று எழுதினால் பொய், இறந்தான் என்று எழுதினால் எதிரே நிற்கும் தாயின் முகம். அம்மையார் பையிலிருந்து புதிய பொதுப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“அவரே சொல்லட்டும்மா. நாளைக்கு வர்றேன்.”

மறுநாள் படிவம் நிரம்பியிருந்தது. தாளின் ஓரம் ஈரமாயிருந்தது. ஆண்டு, மாதம், நாள் என்று வரிசை பிசகவில்லை. முன்னெழுத்துக்குப் பின் புள்ளி இல்லை. பொதுமக்கள் ஒருவர்கூட அதுவரை பிழையின்றி நிரப்பாத படிவம் அது. ‘நிலை’ என்ற கட்டத்தில் ‘மறைந்தவர்’ என்பதற்கு நேரே குறி. ‘தகவல் தந்தவர்’ என்ற இடத்தில் ‘தானே’ என்று எழுதிக் கையொப்பம்.

என்ன எழுதியிருக்கிறான் என்று தாய் கேட்டார். அம்மையார் ஒரு வரியும் விடாமல் படித்துச் சொன்னார். தாய் தாளை வாங்கி, எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினார்.

“கையெழுத்து நல்லா இருக்காம்மா?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

இணைப்பைத் தம் கையாலேயே செய்தார் அம்மையார்; எங்களில் எவரையும் விசைப்பலகையைத் தொடவிடவில்லை. அந்த வீட்டுக்கு அதன்பின் படிவம் எதுவும் போகவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அம்மையார் போனார்.

இதோ அம்மையாரே, தங்கள் அழைப்பை ஏற்று அந்தத் தாய் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அரங்கம் நிரம்பி, பலர் நிற்கிறார்கள். அவர் பக்கத்து நாற்காலியில் அமர எவரும் முன்வரவில்லை. ஏன் என்று எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அறிவும் அருளும் ஒருங்கே அமைந்தவரே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நிறைந்து வாழ்க!

தங்களால் தேர்ந்த,
சீர்தரப் பிரிவுப் பணியாளர்கள்