டேப்லெட் மாற்றப் போனவர்கள்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ். என் முன்சீட்டில் புருஷனும் பெண்சாதியும். பழைய டேப்லெட்டைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கப் போகிறார்கள். அது அவர் மடியில் இருந்தது.

“இதுக்கு இன்னா கொறச்சல்? ஷிப்ட் முடிஞ்சி வந்து ஆன் பண்ணிட்டுக் குளிக்கப் போறேன். வர்றதுக்குள்ள தொறந்துடுது.”

“புதுசு வந்தா நீங்க குளிக்கவே மாட்டீங்க. அதான் எனக்குக் கவல.”

அவர் சிரிக்கவில்லை. “துபாய்லருந்து நம்ம பொண்ணு வீடியோ கால்ல பேசி வச்சதும் அவ மூஞ்சி இதுல அப்படியே நிக்கும். கொஞ்ச நேரம் பாத்துகினு இருப்பேன். புதுசுல ஒடனே போயிடும்.”

“எதிர்ல குந்திகினு இருக்கறேனே, என் மூஞ்சி தெரியலியா?”

“உன்னுது எங்க போவப்போவுது?”

அந்த அம்மா டேப்லெட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தது.

“கடையில இத எடுத்துக் குடுத்துடாதீங்க. புதுசுல பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க குளிச்சிட்டு வந்து இதப் பாத்துகினு குந்துங்க.”