மச்சானுக்கு வந்த மூன்று நோட்டீஸ்

ஐயா, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். காகிதம் பறக்கிறது. நான் சொல்வதில் ஒரு வரி விட்டுப்போனாலும் எனக்குப் பிடிக்காது.

என் பெயர் வால்டர். துறைமுகத்தில் கிளார்க். ராயபுரத்தில் எங்கள் சந்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தந்தி வந்தாலும் ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் என் வாசலுக்குத்தான் எடுத்து வருவார்கள். அதற்காக யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

அடுத்த வீட்டு அருள்பிரகாசமும் அப்படித்தான் வருவான். கிரேன் ஓட்டுகிறவன். அறுபத்தைந்தில் அவனுக்கும் என் தங்கை ரோசிக்கும் நிச்சயமாகி, மாதா கோயிலில் ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் மாப்பிள்ளை பெயரைப் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். இரண்டு ஓலை ஆயிற்று. மூன்றாம் ஞாயிறு அந்தப் பெயர்களைப் படிக்கவேயில்லை. மாப்பிள்ளை பின்வாங்கிவிட்டான் என்றுதானே அர்த்தம்? கோயிலே திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. அன்றைக்கு என் வயிறு எரிந்தது ஐயா, இன்னும் அணையவில்லை. அவன் என்னடாவென்றால் மறுவருஷமே ஞானசெல்வியைக் கட்டிக்கொண்டு வந்து, என்னைப் பழையபடி மச்சான் என்று கூப்பிட்டான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் ஆறு வருஷம் பொறுத்தேன்.

இந்த வருஷம் ஞானசெல்வி உண்டானாள். "இருக்கறது ஒத்த ரூமு. புள்ளைய வெச்சுக்கினு எங்க பட்றது மச்சான்? மாடில ஒண்ணு போட்லாம்னு கீறேன். பர்மிசன் கேக்கணுமா?" என்றான்.

"இந்தச் சந்துல எவன் கேட்டான்? நீ கட்டு" என்றேன்.

நாலு மரக்கம்பம், மண்சாந்தில் செங்கல், மேலே ஓடு. கடைசி ஓடு வேயும்வரை காத்திருந்தேன். பிறகு, அனுமதியில்லாமல் மாடி கட்டியிருக்கிறான் என்று கார்ப்பரேஷன் ஆபீசுக்கு மனு எழுதினேன். அதில் ஒரு பொய் கிடையாது.

முதல் நோட்டீஸ் இங்கிலீஷில் வந்தது. நேரே என்னிடம் கொண்டுவந்தான்.

"இன்னா மச்சான் எழுதிக்கீது?"

பதினைந்து நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. "ஜனத்தொகைக் கணக்கு. வூட்ல எத்தினி பேருன்னு கேக்குறான்" என்றேன்.

"மூணுன்னு எழுதிக்கச் சொல்லு" என்று சிரித்தான்.

இரண்டாவதைக் கொசு மருந்து விஷயம் என்றேன். மூன்றாவதில் இடிக்க வரும் தேதி இருந்தது. "வெள்ளிக்கெழம தண்ணிக் கொழா போட வர்றாங்களாம். நீ டூட்டிக்குப் போ, நான் பாத்துக்கிறேன்."

"நீ இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணுவேன் மச்சான்" என்றான். அவன் மூன்றாவது ஓலைவரை நிற்கவில்லை. நான் மூன்று நோட்டீசையும் நின்று படித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி நல்ல மனுஷன். "மேல யாருனா கீறாங்களா நைனா?" என்று என்னைக் கேட்டார். ஞானசெல்வி படியேறிப் போனதைப் பார்த்து அரைமணி கூட ஆகவில்லை. நிறைமாசம், அசந்து தூங்கியிருப்பாள்.

"யாருமில்ல, இழுங்க" என்றேன்.

கம்பத்தில் கயிறு கட்டினார்கள். அவளுக்குக் கஞ்சி கொண்டுபோகத் தூக்குச்சட்டியோடு வெளியே வந்த ரோசி, "ஐயோ, மேல செல்விக்கா கீது!" என்று கத்தினாள். அதற்குள் இழுத்துவிட்டார்கள். ஒரே இழுப்புதான்.

இரண்டு உயிர் என்று எழுதுகிறீர்கள். சரிதான், நான் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

எல்லாம் ரோசிக்காகத்தான் ஐயா. அவளும் இங்கே வந்து ஏதோ சொன்னாளாம். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக என்னிடமும் அதையேதான் சொல்கிறாள்: "நான்தாண்ணே சாமியாரண்ட போயி இந்தக் கல்யாணம் வேணாம்னேன். என் பேரு கெடக்கூடாதுன்னு அருள்பிரகாசம் வாயத் தொறக்கல." பாவம், அவமானத்தை மறைக்க அப்படிச் சொல்லிக்கொள்கிறாள். கூடப்பிறந்தவள் மனசு எனக்குத் தெரியாதா?