திறக்காத போத்தல்

— கையை எடும் கத்தரீனா! தொட்டிக்குள்ள கை வைக்காதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?

— பாசியைத்தானே வழிக்கிறன். நாளைக்குச் செடி வாங்கச் சதீசன் வந்து பாக்கேக்கை இப்பிடிச் சளி மாதிரிக் கிடந்தால் வடிவோ?

— வழிச்சால் போற பாசியே இது? இலைக்கு இலை ஒட்டிக் கிடக்கு. அந்தச் சிவத்த செடியைப் பாரும், சிவப்பு எங்கை? நாளைக்குக் காலமை குறிகட்டுவானிலை இருந்து முதல் போட்டிலை வந்து இறங்குவான். "றொபேட் அண்ணை, நெடுந்தீவிலையோ இந்தச் செடியளை வளத்தனீங்கள்?" எண்டு போனமுறை வாயைப் பிளந்தவன். நாளைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவான்.

— அதுக்கு நான் என்ன செய்ய?

— நீர்தான் செய்தனீர்! கிழக்கு யன்னலைத் திறந்துவிட்டது ஆர்? வெயில் நேர தொட்டியிலை விழுது.

— பின்னை? யன்னலைப் பூட்டிப்போட்டு நீங்கள் மீனோடை குந்தியிருந்தால், நான் வீட்டுக்குள்ள அவிஞ்சு சாகிறதோ? எனக்குக் காத்து வேண்டாமோ?

— காத்து வேணுமெண்டால் கடற்கரைக்குப் போம்.

— போவன். குடிக்கிற தண்ணிக்குக் குடத்தோடை வரிசையிலை நிக்கிற ஊரிலை, மீனுக்கு நல்ல தண்ணி சுமக்கிறவளுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.

— கதையை மாத்தாதையும். லைற்றையும் கூடநேரம் எரிய விட்டிருக்கிறீர்.

— பச்சைப் பொய்! செடி சோந்து கிடக்கு எண்டு விடியக் காலமை போட்டு இரவு செபமாலை முடியுமட்டும் எரிய விட்டது நீங்கள். பசளையை இரட்டிப்பா விட்டதும் நீங்கள். இப்ப எல்லாத்தையும் என்ரை தலையிலை கட்டுறியள்.

— கண்ணுக்கு முன்னாலை சாகுது. பாத்துக்கொண்டு இருக்கிறதோ?

— போன மாசம் எனக்குப் பெரிய வாத்தியார் மாதிரிப் படிப்பிச்சனீங்கள். லைற், பசளை, காஸ் மூண்டும் ஒண்டுக்கொண்டு ஒத்துப்போகோணும் எண்டு. ஒண்டு குறைஞ்சாலும் மிச்சம் இரண்டையும் செடி தின்னாது, பாசிதான் தின்னும் எண்டு. சொன்னனீங்களோ இல்லையோ?

— சொன்னனான். ஆர் இல்லை எண்டது?

— அப்ப எது குறைஞ்சது?

— காஸ்தான், வேறை என்ன! ஒரு குமிழ் ஒழுங்கா வரேல்லை. ரியூப்பை மாத்தினன். காத்துக் கல்லைக் கழட்டிக் கழுவினன். மூட்டுக்கு மூட்டு பசை பூசினன். பசை பூசினாப் பிறகு மணமும் நிண்டிட்டுது, அப்பவும் குமிழ் இல்லை. எனக்கு விசர் பிடிக்குது.

— போத்தலைப் பாத்தனீங்களோ?

— வெளியாலை பாத்தனான். வெள்ளையாத்தானே கிடக்கு. கள்ளை ஊத்துறதும் மாத்துறதும் உம்மடை வேலை. மாத்துறனீர்தானே?

— கேள்வி கேட்டுக் கொல்லாதேங்கோ.

— கேட்டால் என்ன குறைஞ்சு போச்சு?

— என்ன குறைஞ்சதோ? கள்ளு இறக்கிற கதிர்காமு அண்ணை வீட்டுப் படலையிலை போத்தலும் கையுமா நிக்கிறது நான். "றொபேட் விட்டிட்டான், பெண்சாதி பிடிச்சிட்டாள்" எண்டு சனம் சிரிக்குது. உலகத்திலை ஆரும் மீன் தொட்டிக்குக் கள்ளு வாங்குவினமோ?

— சீனித் தண்ணியைப் பொங்கவைக்கிற ஈஸ்ற் இஞ்சை கிடைக்குதோ? கடையிலை கேட்டால் அடுத்த போட்டிலை வரும் எண்டுவான். அந்தப் போட் வராது. கள்ளு தன்பாட்டிலை பொங்கும். பொங்கேக்கை வாற காபனீரொட்சைட்டைத்தான் செடி தின்னுது. நானாக் கண்டுபிடிச்சது. யாழ்ப்பாணத்திலை கடை வைச்சிருக்கிற சதீசனே அசந்துபோனவன்.

— கண்டுபிடிச்சிட்டார்! குடியை விட்ட மனிசன் வீட்டுக்குள்ள கள்ளு வைக்கிறதுக்கு ஒரு சாட்டுக் கண்டுபிடிச்சிட்டார்.

— என்ன சொன்னனீர்?

— ஒண்டுமில்லை.

— திருப்பிச் சொல்லும்!

— சொன்னால் என்ன? எனக்கென்ன பயமோ? போன மாசம் முழுக்க உங்கடை சேட்டு மணந்தது. கிட்ட வந்தால் கள்ளு மணம். காலமை போத்தல் கழுத்து மட்டும் ஊத்துவன், பின்னேரம் பாத்தால் குறைஞ்சிருக்கும். லைற்றை நூத்தாப் பிறகு இருட்டுக்குள்ள போத்தலடியிலை குந்தியிருப்பியள். எனக்குக் கண் இல்லையோ?

— அடியே, நுரை தள்ளிச் சின்னப் போத்தலுக்குள்ள வடியிறது! அதுக்குத்தானே சின்னப் போத்தலை இடையிலை வைச்சது. நுரை நேர தொட்டிக்குள்ள போனால் ஒரு மீன் மிஞ்சாது. லைற் நிண்டால் செடி காஸ் தின்னாது, மீன் மூச்சு முட்டிச் செத்துப்போம். அதாலைதான் ரியூப்பை வெளியிலை எடுத்து விடுறனான். அந்தக் காஸ் என்ரை சேட்டிலை அடிக்காமல் கோயிலுக்கோ போகும்?

— அடியே எண்டு கதைக்காதேங்கோ.

— பின்னை எப்பிடிக் கதைக்கிறது? கச்சதீவுத் திருவிழாவிலை அந்தோனியாருக்கு முன்னாலை உம்மடை தலையிலை கை வைச்சுச் சொன்னனான், இனிக் கள்ளிலை என்ரை கை படாது எண்டு. பட்டதோ? அதாலைதானே உம்மைக் கொண்டு ஊத்துவிக்கிறன்.

— முந்தின திருவிழாவிலையும் சொன்னனீங்கள். வந்து இறங்கின அண்டைக்கே குடிச்சனீங்கள்.

— அப்ப கடலுக்குப் போனனான்! கரைக்கு வந்து வலையைத் தட்டேக்கை வள்ளக்கார ஜெனோசன்ரை ஆக்கள் போத்தலோடை நிப்பினம். அவையளுக்கு நடுவிலை நிண்டு நான் வேண்டாம் எண்டுவனோ? அதாலைதான் இந்தத் தொட்டியோடை வீட்டிலை கிடக்கிறன். நாளைக்குச் சதீசன் இது வேண்டாம் எண்டால் திரும்ப அந்த வள்ளத்திலைதான் ஏறோணும். ஏறினால் குடிப்பன். எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக் கிடக்கு கத்தரீனா. நீர் யன்னல் கதை கதைக்கிறீர்.

— யன்னல் கதையைத் தொடங்கினது நீங்கள்.

— ஓம், நான்தான். எல்லாம் நான்தான்.

— அப்ப ஏன் மூடியைத் திறந்து பாக்கேல்லை?

— எந்த மூடி?

— போத்தல் மூடி. காஸ் அங்கை இருந்துதானே வருது? ரியூப், கல்லு, பசை எண்டு ஊரெல்லாம் தேடினனீங்கள். மூடியை ஒருக்காத் திறந்து மணந்து பாத்திருந்தால் அண்டைக்கே தெரிஞ்சிருக்குமே! ஏன் திறக்கேல்லை?

— ஏலாது.

— என்ன ஏலாது? திருகினால் திறக்கும்.

— திருகினால் திறக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? ரியூப்பாலை வந்த மணத்தையே பல்லைக் கடிச்சுக்கொண்டு தாங்கினனான். மூடியைத் திறந்து முகத்துக்கு நேர அந்த மணம் அடிச்சால் நான் மூடமாட்டன். அடிமட்டும் குடிச்சுப்போட்டுத்தான் வைப்பன். இரண்டு தரம் கையைக் கொண்டு போனனான். இரண்டு தரமும் எழும்பிக் கிணத்தடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தனான். செடி செத்தால் சாகட்டும் எண்டுதான் விட்டனான். போதுமோ? கேக்கோணும் எண்டு நிண்டதைக் கேட்டிட்டீரோ?

— கத்தாதேங்கோ.

— கத்துவன்! நீர் ஏன் இப்ப அழுறீர்? அழவேண்டியவன் நான். எழும்பும். நீர் திறந்து பாரும், நான் முத்தத்திலை நிக்கிறன். அந்தக் கதிர்காமு அண்ணை பச்சைத் தண்ணி கலந்து தந்திருக்கிறார் போலை. இப்பவே போய் அவற்றை படலையிலை நிண்டு நாலு கேள்வி கேட்டால்தான் என்ரை மனம் ஆறும்.

— அவரிட்டைப் போகாதேங்கோ.

— ஏன் போகக்கூடாது? என்ரை தொட்டியைச் சாக்காட்டினவரைச் சும்மா விடுறதோ? சைக்கிள் திறப்பைத் தாரும்!

— அவர் நல்ல கள்ளுத்தான் தந்தவர். அதை நான் ஒவ்வொரு நாளும் பின் வளவிலை ஊத்திப்போட்டன். இந்த மாசம் பிறந்ததிலை இருந்து அந்தப் போத்தலுக்குள்ள அரிசி கழுவின தண்ணி. ஒரு வாய் குடிச்சுப்போட்டு, கள்ளு எங்கையடி எண்டு என்னோடை சண்டைக்கு வருவியள், கையும் களவுமாப் பிடிக்கலாம் எண்டு காத்துக்கொண்டிருந்தனான்.