முடவாட்டுக்கால் போன சாயத்தொட்டி

தணிகை மலையடியில் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் பக்தவச்சலம் அவர்களே, பொதட்டூர்பேட்டையில் சாயப்பட்டறை நடத்தி, இன்று மூலிகைச் சூரணம் கண்டிருக்கும் மணவாளன் அவர்களே, முழங்கால் வலித்தாலும் முன்வரிசையை விடாத பெரியோர்களே, தறியோடு போராடித் தளராத தாய்மார்களே! அரக்கோணத்தில் வேதியியல் கற்பிக்கும் ஹேமாவதியின் அன்பு வணக்கம்.

முடவாட்டுக்கால்! பாறையில் படரும் பெரணிக் கிழங்கு. பார்த்தால் ஆட்டுக்கால், பருகினால் சூப்! மலைப்படி ஓரம் கன்னியம்மாள் இருபது ஆண்டுகளாக அதைத்தான் கொதிக்கவைத்து விற்கிறார். அவருக்கு விளம்பரம் உண்டா? டப்பா உண்டா? டப்பாவின்மேல் தலைவர் படந்தான் உண்டா? அதே கிழங்கை அரைத்து அடைத்த மணவாளனின் சூரணத்துக்கு எல்லாமே உண்டு.

ஆகவே இன்று ஒரு தீர்மானம்: “ஆய்வில் தேறாத பெரணிப் பொருள் எதையும் மலைப்படியில் விற்கக் கூடாது.” ஓர் ஏழையின் அடுப்பை அணைக்க எத்தனை அழகான தமிழ்! ஆய்வைச் செய்யும் பேறு எனக்கு வாய்த்தது.

உடலின் செல்கள் துருப்பிடிக்காமல் தடுக்கும் சத்துக்கு ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். அது இருந்தால் சோதனைக்குழாயில் உள்ள ஊதாநிறக் கரைசல் மஞ்சளாகும். கன்னியம்மாளின் சூப்பை ஊற்றினேன், மஞ்சள்! சூரணத்தைக் கரைத்து ஊற்றினேன், ஊதா! மறுபடியும் ஊற்றினேன், மாறாத ஊதா!

என்னம்மா, அந்த மூலையில்? “மூட்டுவலி போவுமா, அத்த சொல்லும்மா!” தாயே, என் சோதனைக்குழாய்க்கு முழங்கால் இல்லை. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.

காரணம் தேடிப் பட்டறைக்கே போனேன். மணவாளன் பெருமையோடு விளக்கினார்: “நூலு மாதிரியேதாம்மா. தொட்டியில போட்டு நல்லா வேவ வச்சி, தண்ணிய வடிச்சிட்டு, வெயில்ல காயவச்சி அரைக்கிறோம்.”

“வடிச்ச தண்ணி?”

“கால்வாயிலதான் வுட்டுகினு இருக்கோம்.”

சாயத்தண்ணீரைக் கொட்டிப் பழகிய கை, சத்துத்தண்ணீரையும் கொட்டிவிட்டது! சக்கையைச் சந்தைக்கும் சாரத்தைச் சாக்கடைக்கும் அளித்த இப்படியொரு வள்ளலை இந்த வட்டாரம் கண்டதுண்டா? இனி அந்தக் கால்வாய்க்கு மூப்பேது? நரையேது?

ஆங், தலைவர் அவசரப்படுகிறார். “சுருக்கமா முடிங்க மேடம், தீர்மானம் கீது.” இதோ ஐயா! வெயிலில் நின்று விற்றவரிடம் சான்று கேட்டோம், டப்பாவிடம் கேட்க நமக்குத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீர்மானத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். தேறாத பொருள் படியேறக் கூடாது, மனமார வழிமொழிகிறேன்! ஆதரிப்போர் கை தூக்குங்கள். மணவாளன் அவர்களே, முன்மொழிந்தவர் நீங்கள். முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும்!

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. பார்த்துப் படியிறங்குங்கள், வணக்கம்.