பின்கதவு இருக்கையில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவை இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தேழு. விமான நிறுவனம் ஒன்றில் கேபின் ஏற்புச் சோதனையாளராக, அதாவது நிறுவனம் வாங்கும் விமானத்தில் பயணிகள் உட்காரும் பகுதியைப் பார்த்துக் குறை சொல்லும் வேலையில், முப்பத்தொரு வருடங்களாக இருக்கிறேன். வேலையிடத்தில் எல்லோரும் என்னை ஸ்டிக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பிரிவில் போய் என் சொந்தப் பெயரைச் சொன்னால் அது யார் என்று கேட்பார்கள். எனக்கு அழைப்பாணை எதுவும் வரவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தியதாகப் பத்து நாளாகக் காவலில் வைக்கப்பட்டு, நாளை மறுபடி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்படவுள்ள எங்கள் டெக்னீஷியன் மேல் அந்தத் தவறு இல்லை, என் மேல்தான் என்று சொல்ல வந்தேன்.

எங்கள் நிறுவனத்தில் இதுவரை பதினோரு விமானங்கள் இருந்தன. எல்லாமே வேறு நிறுவனங்கள் ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிவிட்டவை. ஆறு வருடங்களுக்கு முன் ஒரே நாளில் நாற்பது புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அதன் பிறகு எஞ்சின் வரவில்லை, இருக்கை வரவில்லை, சோதனை முடியவில்லை என்று தொழிற்சாலைக்காரர்கள் இழுத்தடித்து, இந்த வருடம்தான் முதல் விமானம் வந்து எங்கள் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நின்றது. ஒப்பந்தப்படி எங்களுக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. அதற்குள் நாங்கள் குறைகளைக் காட்ட வேண்டும், அவர்கள் ஆட்கள் சரிசெய்து கொடுக்க வேண்டும், அதன் பிறகே ஏற்புத் தாளில் கையெழுத்து. கையெழுத்து விழுந்துவிட்டால் விமானமும் நம்முடையது, அதில் உள்ள கோளாறும் நம்முடையது.

நான் வேலை செய்யும் முறையை ஆய்வாளர் கேட்டார், சொல்கிறேன். முன்கதவில் தொடங்கிப் பின்கதவு வரை ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து, சாய்ந்து, இழுத்து, தட்டிப் பார்ப்பேன். கீறல், கறை, தையல் பிசகு என்றால் அந்த இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர். ஆளுக்கு அடிபடக்கூடிய எதுவானாலும் சிவப்பு. நடந்து முடித்த பிறகு திரும்ப முதலிலிருந்து வந்து, ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதுவேன். நடக்கும்போதே எழுதினால் கவனம் எழுத்தில் போய்விடும் என்பது என் கட்சி. குறையைச் சரிசெய்தவர் ஸ்டிக்கரைத் தொடக் கூடாது. நான் வந்து மறுபடி சோதித்துத் திருப்தியானால் நானே எடுப்பேன். ஆகவே ஸ்டிக்கர் இல்லை என்றால் இரண்டாம் தடவை பார்த்தாயிற்று என்று பொருள். இந்தச் சட்டத்தை வைத்தவளும் நான்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய விமானத்தில் இந்த டெக்னீஷியன் தலைக்கு மேல் உள்ள பெட்டிக் கதவு ஒன்றைச் சரிசெய்துவிட்டு என் ஸ்டிக்கரை அவரே உரித்துவிட்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. நான் விடவில்லை. இருபது பேர் பார்க்க, "நான் ஒட்டினத எடுக்க நீ யாருப்பா? எல்லாம் தெரிஞ்சவன்னா என் வேலையையும் சேத்து நீயே பாத்துக்கோ" என்று கத்தினேன். அவர் எப்போதுமே பேச மாட்டார். அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்து, அது ஹேங்கர் முழுக்கப் பரவியதும் என் கைங்கரியம்தான். அதன் பிறகு அவர் என் ஸ்டிக்கர் பக்கம் கை நீட்டியதும் இல்லை, ஏன் ஒட்டினீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. கேட்காதபடி செய்தது நான் என்பதை ஆய்வாளர் ஐயா தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

சோதனையின் இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கேபினின் கடைசிப் பகுதிக்கு வந்தேன். பின்கதவை ஒட்டிச் சுவரில் மடங்கும் இருக்கை ஒன்று உண்டு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பணிப்பெண் அதில்தான் உட்கார வேண்டும். டெக்னீஷியன் அதில் உட்கார்ந்து தோள் பெல்ட்டை வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தார். அப்படி இழுத்தால் பெல்ட் பிடித்துக்கொள்ள வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இடது பக்கம், பத்துல ஒரு தடவை பிடிக்க மாட்டேங்குது அக்கா. நான் அம்பது தடவை இழுத்துப் பாத்துட்டேன்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நானும் உட்கார்ந்து இழுத்தேன். எட்டாவது தடவை பெல்ட் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கண்டுபிடித்தவர் அவர், ஒட்டியவள் நான். அவர் அந்த இருக்கையைச் சோதிக்கவே இல்லை என்று குற்றச்சாட்டில் எழுதியிருப்பது பொய்.

அதன் பிறகு நான் பட்டியல் எழுத உட்காரும் முன், மூன்று மணிக்கு, விளம்பரப் பிரிவுப் பெண் ஓடி வந்தாள். மறுநாள் வருவதாக இருந்த நிறுவனத் தலைவர் அன்றே பத்திரிகைக்காரர்களோடு வருகிறார் என்றாள். கேபினை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு. ஒரு அரை மணி நேரம் எடுத்துட்டு அப்புறமா ஒட்டிக்கலாம்ல?" என்றாள். வேறு நாளாக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். முன்பிருந்த தலைவரையே ஒரு தடவை நாற்பது நிமிடம் ஏணிப்படியில் நிற்க வைத்திருக்கிறேன். அன்று முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "நீங்களும் போட்டோல நிக்கணும்க்கா, தலைவரே சொல்லியிருக்கார்" என்றாள்.

பதினோரு விமானம் வந்தபோதும் படம் எடுத்தார்கள். அதில் நிற்பவர்களின் கோட்டையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றவள் நான். இது எனக்குப் பெரிய குறையாக இருந்தது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. சரி என்றேன். கழிவறைக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக உரித்து, இருக்கை உறையாக வந்த பிளாஸ்டிக் தாளில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனேன். அறுபதுக்கு மேல் இருக்கும். எண்ணவில்லை. என் ஞாபகத்துக்கு எண்ணிக்கை எதற்கு என்ற திமிர்தான். பின்கதவு இருக்கைக்கு வந்து கடைசி ஸ்டிக்கரை உரிக்கும்போது, "அக்கா, வந்துட்டாங்க, சீக்கிரம்" என்று கூப்பிட்டாள். தாளை இருக்கை மேல் வைத்துவிட்டேன். கையில் இருந்த ஸ்டிக்கரை இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு ஓடினேன். முன்கதவு ஏணியில் தலைவருக்குப் பக்கத்துப் படியில் என்னை நிறுத்தினார்கள். படம் எடுத்தார்கள். பிறகு கேக் வெட்டினார்கள். நான் கேக் சாப்பிட்டுக் கை கழுவி, காகிதத்தில் துடைத்து, காகிதத்தைக் குப்பையில் போட்டேன். ஸ்டிக்கர் அதோடு போயிருக்க வேண்டும். அதன் பிறகு தாளில் இருந்தவற்றை எல்லாம் பழைய இடத்தில் ஒட்டினேன். தாள் காலியானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பட்டியல் எழுதினேன். அறுபத்திரண்டு குறைகள் வந்தன. பின்கதவு இருக்கை அதில் இல்லை.

மூன்றாம் நாள் காலை டெக்னீஷியன், பின்பகுதி முழுவதும் சோதித்தாயிற்று என்ற அட்டையில் கையெழுத்திட வந்தார். சிவப்பு ஸ்டிக்கர் இல்லாததைப் பார்த்து, நான் மறுபடி சோதித்து எடுத்துவிட்டேன் என்று நினைத்துக் கையெழுத்திட்டார். தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். பார்த்திருக்கலாம். ஆனால் நான் எடுத்ததை அவர் மறுபடி சோதித்தால் நான் என்ன ஆட்டம் ஆடுவேன் என்று அவருக்குத் தெரியும். அன்று மாலை ஏற்புத் தாளில் கையெழுத்தாகி விமானம் எங்களுடையதானது.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், ஓடுபாதையில் இறங்கியபோது விமானி அழுத்தமாகப் பிரேக் பிடிக்க வேண்டி வந்தது. பின்கதவு இருக்கையில் இருந்த பணிப்பெண்ணின் இடது தோள் பெல்ட் பிடிக்கவில்லை. அந்தப் பெண் எதிர்ச் சுவரில் போய் மோதினாள். தோள் எலும்பு முறிந்து, கழுத்தில் அடிபட்டு, இன்னும் மருத்துவமனையில் இருக்கிறாள். வயது இருபத்தாறு. நான் போய்ப் பார்த்தேன். அவளால் தலையைத் திருப்ப முடியாததால் நான் கட்டிலைச் சுற்றிப் போய் அவள் கண்ணுக்கு நேராக நின்றேன். இனிமேல் பறக்க முடியுமா என்று டாக்டர் சொல்லவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று என்னைக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

நிறுவனத்தின் விசாரணையிலும் சொல்லவில்லை. அந்த இருக்கையில் குறை இருந்ததா என்று கேட்டார்கள். பட்டியலை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன், அந்த இருக்கை இல்லை. ஒட்டியது நன்றாக ஞாபகம் இருந்தது. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "பட்டியலில் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அதன் பிறகு அட்டையில் அவர் கையெழுத்து இருப்பதால் அவரைப் பிடித்தீர்கள்.

முந்தாநாள் மாலை அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள், "வீட்டுல காஸ் மூடியிருக்கான்னு மூணு தடவை பாக்கறவர்க்கா அவர். பாக்காம கையெழுத்துப் போட்டாராம், யாராவது நம்புவாங்களா? வீட்டுலயும் வாயத் தொறக்காத மனுஷன், அங்க போயி என்ன பேசப்போறார்? உங்கள மாதிரி பெரியவங்க கோர்ட்ல வந்து ரெண்டு வார்த்தை நல்லபடியா சொன்னா கேப்பாங்க" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்றுக் காலை விளம்பரப் பிரிவிலிருந்து அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் கணவர் சந்தோஷப்பட்டு ஆணி அடித்து மாட்டினார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஏணிக் கம்பியைப் பிடித்திருந்த என் இடது மணிக்கட்டில் சிவப்பு ஸ்டிக்கர் தெரிந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். "வேலை போகும், பென்ஷன் போகும், ஜெயில்கூட வரலாம். ஆனா சொல்லலைன்னா நீ ஒரு வாய் சோறு திங்க மாட்ட, என்னையும் திங்க விடமாட்ட. கெளம்பு" என்றார். அவரே படத்தைக் கழற்றி இன்று என்னோடு கொண்டு வந்தார். அது இந்த வாக்குமூலத்தோடு சான்றாக ஒப்படைக்கப்படுகிறது.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டியபோது, நிர்வாகத்தின் வற்புறுத்தலால் ஸ்டிக்கர்களை அகற்றினேன் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவர் எழுதியிருக்கலாம். அதை அடிக்கச் சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. கேட்டார்கள், எனக்கு ஆசையாக இருந்தது, எடுத்தேன்.

வாக்குமூலம் தொடங்கும் முன் ஆய்வாளர் அனுமதியோடு டெக்னீஷியனை ஐந்து நிமிடம் பார்த்தேன் என்பதையும் சேர்க்க வேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. "ஸ்டிக்கர் ஒட்டினது அக்கான்னு ஏன்ப்பா யார்கிட்டயும் சொல்லல? என்னைக் காப்பாத்தறியா?" என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்பதே புரியவில்லை.

"காப்பாத்தறதா? நீங்க எடுத்துட்டீங்கன்னா அது சரியாயிடுச்சுன்னு அர்த்தம்க்கா. அப்புறமா நான் எதைத் தொட்டுக் கெடுத்தேன்னுதான் பத்து நாளா யோசிச்சிட்டிருக்கேன். புடிபடவே மாட்டேங்குது" என்றார்.

அவர் எதையும் கெடுக்கவில்லை. அதை அவரிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். இந்தத் தாள்களில் உள்ளவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுய நினைவோடு நான் சொன்னவை. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. அவரை வெளியே விடும்வரை நிலையத்தின் முன் அறையில் இருக்கிறேன்.

(ஒப்பம்)
கேபின் ஏற்புச் சோதனையாளர்

என் முன் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது. ஒரு வரி சொன்னவரின் விருப்பப்படி அடிக்கப்பட்டது.
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்